கடற்காற்று எத்தனை மணிக்கு? கோடை வானிலை அறிக்கையும் வட சென்னையும்

மே மாதத்து நண்பகலில் வட சென்னையில் கேட்க வேண்டிய கேள்வி "இன்னைக்கு எத்தனை டிகிரி?" என்பதல்ல. "கடற்காத்து ஏறிடுச்சா?" என்பதுதான். காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் பதினொன்றரைக்கே கடற்காற்று ஏறிவிட்டால் அன்றைய வெயில் 35, 36 டிகிரியோடு அடங்கிவிடும். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் வலுத்து, கடற்காற்றைப் பிற்பகல் இரண்டு மணிவரை கரையேற விடாமல் தடுத்துவிட்டால் அதே தெருவில் 40-ஐத் தாண்டும். சென்னையில் இதுவரை பதிவான உச்சம் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. ஏறக்குறைய அதே அட்சரேகையில், அதே கடலின் ஓரத்தில், ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் வருவதற்குக் காற்றின் திசை ஒன்றே போதும்.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் கோடையில் வெளியிடும் அறிக்கைகள் இந்தக் கேள்விக்கு எந்த அளவு பதில் சொல்கின்றன என்பதைத்தான் இங்கே எடை போடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நம்பத் தகுந்த சேவை. காசு இல்லை, தமிழில் வருகிறது, ஒரு நாளும் தவறுவதில்லை. ஆனால் அதில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் ராயபுரத்துக்கும் சரியாக வராது, செங்குன்றத்துக்கும் சரியாக வராது. திருத்திப் படிக்கத் தெரிய வேண்டும்.

மூன்று மாதத்துக்கான முன்னோட்டம்

பிப்ரவரி கடைசியில் மார்ச் முதல் மே வரைக்கும், மார்ச் கடைசியில் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை கோடை முன்னோட்டம் தருகிறது. "இந்த ஆண்டு வெயில் கொளுத்தும்" என்று செய்தித்தாளில் தலைப்பு வருவது இதை வைத்துத்தான். அந்த வரைபடத்தில் இருப்பது டிகிரி அல்ல, வாய்ப்பு. பழைய ஆண்டுகளின் பதிவுகளை வெப்பம் மிகுந்தவை, இயல்பானவை, வெப்பம் குறைந்தவை என்று மூன்று சம பங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்தக் குறிப்பும் இல்லாத நிலையில் ஒவ்வொரு பங்குக்கும் 33 சதவீதம். தமிழகத்தின் மேல் "இயல்பை விட அதிகம், 55 சதவீதம்" என்ற நிறம் விழுந்தால், அப்படி ஆகாமல் போவதற்கும் 45 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதுவும் மூன்று மாதச் சராசரிக்குத்தான். மே 10 எப்படி இருக்கும் என்று அதில் தேடுவது வீண்.

நாடு முழுவதையும் 36 வானிலை உட்கோட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாடு, புதுவை, காரைக்கால் மூன்றும் சேர்ந்து அதில் ஒன்றே ஒன்று. வேலூரும் எண்ணூரும் ஒரே கட்டத்துக்குள் வரும் என்பதை மறக்கக் கூடாது. மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது, இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றுவது, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் தடுப்பு போடுவது போன்ற வேலைகளை மார்ச்சிலேயே முடிப்பதா, தள்ளிப்போடுவதா என்று தீர்மானிக்க இந்த முன்னோட்டம் போதும். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். வியாழக்கிழமை தோறும் வரும் விரிவுபடுத்தப்பட்ட கால முன்னறிவிப்பு இதை விடப் பயன் தரும். அடுத்த இரண்டு வாரத்தில் வெப்பம் கூடுமா, மழை எட்டிப் பார்க்குமா என்ற போக்கு அதில் ஓரளவு தெளிவாகவே தெரியும்.

நண்பகல் அறிக்கையைப் பிரித்துப் படிப்பது

தினமும் வரும் தமிழ் அறிக்கைதான் இந்தச் சேவையின் உயிர். அதன் சொற்கள் வழக்கமானவை போலத் தோன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால் மழைமானிகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மழை பதியாது என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் பாதி வரை. "அநேக இடங்களில்" என்றால் முக்கால் பங்கு வரை. அதற்கும் மேலே போனால்தான் "பெரும்பாலான இடங்களில்". ஆக, ஏப்ரலில் "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை" என்று வந்த நாளில் வியாசர்பாடியில் ஒரு சொட்டு விழாவிட்டால் அறிக்கை பொய்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது. கனமழை என்ற சொல்லுக்கும் கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை கனமழை. 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. இன்று காலை ஒன்பதரைக்குப் பெய்த மழை நாளைய பட்டியலில்தான் வரும்.

நிறங்களும் அப்படியே. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள். மஞ்சளைப் பார்த்ததுமே கடையடைப்பதும் தவறு, ஆரஞ்சைப் பார்த்த பிறகும் தெருவோரக் கீற்றுப் பந்தலைக் கட்டி இறுக்காமல் விடுவதும் தவறு.

இனி வெப்பநிலை வரி. "சென்னை மற்றும் புறநகர்ப் பகுதிகளில் அதிகபட்ச வெப்பநிலை 38-39 டிகிரி செல்சியஸை ஒட்டியும், குறைந்தபட்ச வெப்பநிலை 28-29 டிகிரி செல்சியஸை ஒட்டியும் இருக்கக்கூடும்." இதற்கு அளவுகோலாக இருப்பவை நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்ற இரண்டு நிலையங்கள். நுங்கம்பாக்கம் கடலிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் உள்ளே. மீனம்பாக்கம் அதை விட இரண்டு மடங்குக்கும் மேல் தள்ளி, தெற்கே. வட சென்னைக்காரர் அந்த எண்ணைத் தன் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் போல கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள், கடற்காற்று சீக்கிரம் ஏறும் நாளில் நுங்கம்பாக்கத்தின் எண்ணிலிருந்து ஒன்று, ஒன்றரை டிகிரி கழித்துக்கொள்ளலாம். பெரம்பூர், கொடுங்கையூர் வாசிகளுக்குக் கழிக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மாதவரம், புழல், செங்குன்றம் பக்கம் ஒரு டிகிரி கூட்ட வேண்டும். அங்கே கடற்காற்று போய்ச் சேர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும். அதுவரை வெயில் ஏறிக்கொண்டே இருக்கும். கச்சான் நாள் முழுக்க அடித்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அன்றைக்குக் கடலோரமும் உள்நாடும் ஒன்றாகவே வேகும்.

அறிக்கையின் வெப்பநிலை, தரையிலிருந்து சுமார் 1.25 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள், நிழலில் அளந்தது. ஆட்டோ மீட்டர் பக்கத்தில் ஒட்டிய தெர்மாமீட்டர் 46 காட்டுகிறது என்று அதோடு ஒப்பிடக் கூடாது. அது தார்ச்சாலையின் சூட்டையும் வண்டியின் சூட்டையும் சேர்த்துக் காட்டுகிறது. தகரக் கொட்டகைக்குள் வேலை செய்பவருக்கு அந்தச் சூடும் உண்மைதான். ஆனால் அது வேறு அளவு.

41 டிகிரிக்கும் "வெப்ப அலை இல்லை" என்பது ஏன்

பலரையும் கோபப்படுத்தும் விஷயம் இது. விதியைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். கடலோர நிலையத்தில் வெப்ப அலை என்று சொல்ல இரண்டு நிபந்தனைகள் சேர வேண்டும். வெப்பநிலை குறைந்தது 37 டிகிரி இருக்க வேண்டும். அந்தத் தேதிக்குரிய இயல்பை (பல ஆண்டுச் சராசரியை) விட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். உள்நாட்டுச் சமவெளிக்கு முதல் நிபந்தனை 40 டிகிரி. இவை ஒரு உட்கோட்டத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாட்கள் நிறைவேறினால் இரண்டாம் நாளில் அறிவிப்பார்கள். மே கடைசியில் சென்னையின் இயல்பே 37-ஐத் தாண்டி நிற்கும். அதில் 4.5-ஐக் கூட்டிப் பாருங்கள், 42-ஐ நெருங்கிவிடும். அதனால் 41 டிகிரி கொளுத்தும் நாள்கூட விதிப்படி வெப்ப அலை ஆகாது. அதே விதிப்படி, இயல்பு 33-ஐ ஒட்டியிருக்கும் மார்ச்சில் 38 டிகிரி வந்தாலே வெப்ப அலைக்கான அளவை எட்டிவிடும்.

இதனால் வரும் ஆபத்து என்னவென்றால், வெப்ப அலை எச்சரிக்கை இல்லை என்பதை "வெளியே வேலை செய்யலாம்" என்று எடுத்துக்கொள்வது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்கும் வழி செய்தது. நல்ல முடிவு. ஆனால் கடலோரத்தில் உடம்பை வீழ்த்துவது பெரும்பாலும் டிகிரி அல்ல, புழுக்கம்.

கணக்காகவே பார்ப்போம். வேலூரில் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம். உடல் உணரும் வெப்பம் ஏறக்குறைய 41. அதே நேரத்தில் திருவொற்றியூரில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 65 சதவீதம். உடல் உணர்வது ஏறக்குறைய 44. தொலைக்காட்சிப் பட்டியலில் வேலூர் முதலிடத்தில் நிற்கும், திருவொற்றியூர் பட்டியலிலேயே இருக்காது. வேலூரில் வியர்வை உடனே உலர்ந்து தோலைக் குளிர்விக்கிறது. திருவொற்றியூரில் வியர்வை வழிகிறதே ஒழிய உலர்வதில்லை, உடம்பின் சூடு வெளியேற வழியில்லை. கன்டெய்னர் யார்டில் மூட்டை இறக்குபவர், கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிப்பவர், மீன் வலை இழுப்பவர் எல்லோரும் பார்க்க வேண்டியது உடல் உணரும் இந்த எண்ணைத்தான். 2023-லிருந்து வானிலைத் துறை, உடல் உணரும் வெப்பத்தைச் சொல்லும் வெப்பக் குறியீட்டைச் சோதனை முறையில் வரைபடமாகத் தருகிறது. தமிழ் அறிக்கையிலும் "அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருக்கும் நிலையில் ஓரிரு இடங்களில் அசௌகரியம் ஏற்படலாம்" என்று ஒரு வரி வரும். அடக்கமான வரி. வட சென்னைக்கு அந்த அறிக்கையிலேயே முக்கியமான வரியும் அதுதான். அது வந்த நாளில் பளு வேலையைக் காலை பத்தரைக்குள் முடித்து, மீதியை நான்கு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

குறைந்தபட்ச வெப்பநிலையையும் விட்டுவிடக் கூடாது. 26 டிகிரிக்கு இறங்கும் இரவில் உடம்பு தேறிவிடும். 29, 30-லேயே நிற்கும் இரவு இரண்டு மூன்று தொடர்ந்தால் முதியவர்களும் குழந்தைகளும் தளர்ந்துவிடுவார்கள். கடலோர ஈரம் இரவுச் சூட்டை இறங்க விடாது. செங்குன்றம் பக்கம் பகலில் சூடு அதிகம் என்றாலும் விடியற்காலையில் சற்று இதமாக இருப்பது இதனால்தான்.

கைபேசியில் தானாகக் காட்டும் எண்

கைபேசி வாங்கும்போதே அதில் இருக்கும் வானிலைச் செயலி பெரும்பாலும், வானிலையைக் கணிக்கும் ஏதோ ஒரு கணினி மாதிரி நிலப்பரப்பைப் பிரித்து வைத்திருக்கும் கட்டங்களில் ஒன்றிலிருந்து எண்ணை எடுத்துத் தருகிறது. ஒரு கட்டம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலம் என்றால், ராயபுரம் விழும் கட்டத்தில் பாதி கடல். கடல் மேல் உள்ள 30 டிகிரியையும் தரை மேல் உள்ள 39-ஐயும் கலந்து நடுவில் ஒரு எண்ணைக் காட்டிவிடும். 2025 மே 26 அன்று இந்திய வானிலைத் துறை 6 கிலோமீட்டர் கட்டம் கொண்ட பாரத் முன்னறிவிப்பு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முன்பிருந்த 12 கிலோமீட்டரை விட இது கடலோரத்துக்கு நல்லது. ஆனாலும் கடற்காற்று ஏறும் நேரத்தை எந்த மாதிரியும் நிமிடக் கணக்கில் சொல்லிவிடாது. வானிலைத் துறையின் மௌசம் செயலியில் நிலையங்களில் அளந்த வெப்பநிலையும், மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையும் கிடைக்கின்றன. வைத்துக்கொள்ள வேண்டிய செயலி அதுதான். மின்னலுக்குத் தாமினி செயலி.

கடற்காற்று ஏறிவிட்டதா என்று உறுதி செய்ய இலவசமான, துல்லியமான வழி ஒன்று உண்டு. சென்னை விமான நிலையம் அரை மணிக்கு ஒரு முறை வெளியிடும் மெட்டார் அறிக்கை. விமானிகளுக்கானது, யாரும் பார்க்கலாம். அதில் உள்ள நேரம் உலக நேரம், 5.30 மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். 0730 என்றிருந்தால் நம் ஊரில் பிற்பகல் 1 மணி. காற்றுக்கான ஐந்து இலக்கத்தில் முதல் மூன்றும் திசை, அடுத்த இரண்டும் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வேகம். திசை 250-லிருந்து 300-க்குள் இருந்தால் தரைக்காற்று. 90-லிருந்து 160-க்குள் மாறிவிட்டால் கடற்காற்று. அதற்குச் சற்றுப் பின்னால் சாய்கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கும், முதலாவது வெப்பநிலை, இரண்டாவது பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. பனிநிலை 19, 20-லிருந்து திடீரென 25-க்கு ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம், கடல் ஈரம் வந்து சேர்ந்துவிட்டது. மீனம்பாக்கம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால், அங்கே பதிவாவதற்கு முன்பே காசிமேட்டில் காற்று ஏறியிருக்கும். பிற்பகல் ஒரு மணி மெட்டாரிலும் 270 என்றே இருந்தால் அன்று வெளிவேலையை நிறுத்திவிடுங்கள்.

வங்கக் கடலில் மே மாதத்தில் உருவாகும் புயல்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். புயல் என்றதும் மழை என்று மனம் போகிறது. 2010-இல் லைலாவும் 2016-இல் ரோவானுவும் சென்னைக்குப் பக்கமாகக் கடந்து மழை கொடுத்தன. ஆனால் புயல் தொலைவில் வடக்கே ஒடிசா, வங்கம் நோக்கி ஏறும்போது சென்னை அதன் தென்மேற்கு ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். அங்கே காற்று மேற்கிலிருந்து திரும்பி அடிக்கும், ஈரமெல்லாம் புயலோடு போய்விடும், கடற்காற்று தாமதமாகும். 2019-இன் ஃபோனியும் 2020-இன் ஆம்பனும் சென்ற பாதை இதுதான். அறிக்கையில் "வடக்கு, வடகிழக்கு திசையில் நகரக்கூடும்" என்று படித்தால் குடையை அல்ல, தண்ணீர்க் குடத்தை எடுத்து வையுங்கள்.

மாலை இடி, துறைமுக ரேடார்

உள்நாட்டில் பகல் முழுக்க ஏறிய சூடும், கிழக்கிலிருந்து நுழைந்த கடல் ஈரமும் மோதும் இடத்தில் மாலை நான்கு மணிக்கு மேல் இடிமேகம் எழும்பும். பெரும்பாலும் வேலூர், ராணிப்பேட்டை, திருத்தணி வட்டாரம். அது கிழக்கே நகர்ந்து வந்தால் வட சென்னையில் முதலில் தொடுவது செங்குன்றம், புழல், மாதவரம். ராயபுரம் வருவதற்குள் பல மேகங்கள் செத்துவிடும். கடற்காற்று ஏற்கெனவே தரையைக் குளிர்வித்து வைத்திருப்பதால் மேகத்துக்குத் தீனி கிடைக்காது. மாதவரத்தில் சாலை நனைந்து வண்ணாரப்பேட்டையில் புழுதி பறப்பதற்குக் காரணம் இது.

மழைமேகங்களை நெடுந்தொலைவுக்குக் காட்டும் சென்னையின் எஸ்-பேண்ட் டாப்ளர் ரேடார் 2002 முதல் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் சுழல்கிறது. படம் சில நிமிடங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். அரை மணி இடைவெளியில் இரண்டு படங்களை எடுத்து, மேகம் எத்தனை கிலோமீட்டர் நகர்ந்தது என்று பாருங்கள். 15 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 30. திருவள்ளூர் மேல் நிற்கும் மேகம் அந்த வேகத்தில் வந்தால் மாதவரத்தைத் தொட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாடியில் காயும் வடகத்தையும் கருவாட்டையும் எடுத்து வைக்க அது போதுமான அவகாசம். மேகத்திலிருந்து திரும்பும் எதிரொலியின் வலிமையை dBZ என்ற அளவில் நிறமாகக் காட்டுவார்கள்; 40-க்கு மேற்பட்ட dBZ காட்டும் நிறம் பலமான மழை, 50-ஐத் தாண்டினால் ஆலங்கட்டியும் சூறைக்காற்றும் சேரலாம்.

ரேடாருக்கு மிக அருகில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது தன் தலைக்கு நேர் மேலே பார்க்காது. அங்கே கூம்பு வடிவில் ஒரு குருட்டுப் பகுதி உண்டு. ராயபுரம், பாரிமுனை மேல் உயர்ந்து நிற்கும் மேகம் துறைமுகப் படத்தில் மெலிந்து தெரியும். அந்த நேரத்தில் குறுந்தொலைவு பார்க்கும் பள்ளிக்கரணை எக்ஸ்-பேண்ட் ரேடாரின் படத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

குறை என்று பார்த்தால், எண்ணூர், மாதவரம் போன்ற இடங்களின் தானியங்கி நிலையப் பதிவுகள் மழைப் பட்டியலில் வருகின்றன, ஆனால் நண்பகல் அறிக்கையின் வெப்பநிலை வரியில் வடக்கு சென்னைக்குத் தனி இடம் இல்லை. "கடலோரத்தில் கடற்காற்று தாமதமாகும்" என்று ஒரு வரி சேர்த்தாலே லட்சக்கணக்கானோர் தங்கள் பிற்பகலைத் திட்டமிட முடியும். தனி ஆர்வலர்கள் சமூக ஊடகத்தில் இதைத்தான் சொல்லிப் பெயர் வாங்கியிருக்கிறார்கள். அவர்களைப் படிப்பதில் தவறில்லை. எச்சரிக்கையை மட்டும் ஆய்வு மையத்திடமிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல் பக்கம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காசிமேட்டில் அந்த நாட்களில் கடலுக்குப் போவது ஃபைபர் படகுகள்தான், அவற்றுக்கு அறிக்கையின் மீனவர் பகுதி விசைப்படகுகளை விடவும் முக்கியம். "மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர், இடையிடையே 55" என்ற வரி எந்தக் கடல் பகுதிக்கு என்பதைத் தேதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவுக்கு வந்த எச்சரிக்கையை வட தமிழகக் கரைக்கு என்று எண்ணி ஒரு நாள் பிழைப்பை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

அலைக்கு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் சேவை மையத்தின் அறிக்கை. கோடைக்காலத்தில் இங்கே காற்றே இல்லாமல் கடல் பொங்கும் கள்ளக்கடல் ஒன்று உண்டு. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் பெருங்காற்று கிளப்பிய நீண்ட அலைகள் சில நாட்கள் பயணித்து வந்து சேர்வது அது. 2024 மே 4, 5 தேதிகளில் தமிழகக் கரைக்கும் கேரளக் கரைக்கும் இன்காய்ஸ் இந்த எச்சரிக்கையை விடுத்தது. அறிக்கையில் அலையின் உயரம் ஒரு மீட்டர்தானே என்று விட்டுவிடக் கூடாது. பக்கத்தில் இருக்கும் அலை இடைவெளியைப் பாருங்கள். 7, 8 நொடி என்றால் வழக்கமான காற்றலை. 15 நொடிக்கு மேல் என்றால் ஒவ்வொரு அலையும் பெருந்தண்ணீரைச் சுமந்து வருகிறது, கரையில் நெடுந்தூரம் ஏறும். திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் கல் கொட்டிய கரையில் அன்று யாரும் உட்காரக் கூடாது. படகுகளை வழக்கமான இடத்தை விட மேலே இழுத்துப் போட்டு, ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டி, இன்ஜினைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும்.